எங்கள் ஐக்கியத்துக்கு என்ன குறைச்சல்?

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கிய வாரம். உலகம் முழுக்க அனுசரிக்கிறார்கள், நாமும் விடுவதில்லை. கத்தோலிக்க ஆயர் சி.எஸ்.ஐ. பேராயருக்குச் சால்வை போர்த்துவார். பேராயர் லுத்தரன் பிஷப்புக்குப் போர்த்துவார். பிஷப் இரட்சணிய சேனை மேஜருக்குப் போர்த்த, மேஜர் தாம் யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் மைக் செட்டுக்காரரைப் பார்ப்பார். யோவான் 17-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். இயேசு பிடிபடுவதற்குச் சற்று முன்னால், தம்மவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று பிதாவிடம் மன்றாடிய ஜெபம் அது. அதை விளக்க எழுந்து நிற்பவர் எந்தச் சபைக்காரரானாலும் பாடுவது ஒரே பல்லவி: உபதேச வேறுபாடுகள் நம்மைப் பிரித்துவிட்டன, அவற்றை மறந்து ஒருவரையொருவர் நேசிப்போம். அப்புறம் டீ, சமோசா, குரூப் போட்டோ.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற ரகம். எனக்கு எந்தப் பிரசங்க பீடமும் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தால் ஒரே ஒரு பிரசங்கம்தான் செய்வேன்: பிரியமானவர்களே, நாம் பிரிந்து கிடக்கிறோம் என்பது அபாண்டம். தமிழ்க் கிறிஸ்தவர்களைப் போல ஒற்றுமையானவர்கள் பூமியில் எங்கேயும் இல்லை.

உண்மையாகவே பிரிந்துபோனவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் 1054-இல் முறித்துக்கொண்டன. பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்பது அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். 1529-இல் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் ஸ்விங்கிலியும் 15 விஷயங்களை வைத்துப் பேசினார்கள். 14-இல் ஒத்துப்போனார்கள். இராப்போஜன அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் எவ்விதமாக இருக்கிறது என்ற பதினைந்தாவதில் முட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மனிதன் நீதிமானாவது விசுவாசத்தாலா, நற்கிரியையாலா என்ற வழக்கில் ரோமாபுரியும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்ட நாள் 1999 அக்டோபர் 31. லூத்தர் தொடங்கிய 1517-இலிருந்து எண்ணினால் 482 வருஷம்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வரிக்காக ஊரை விட்டு ஓடினார்கள், சிறைக்குப் போனார்கள், எரிக்கவும் பட்டார்கள், எரிக்கவும் செய்தார்கள். கொடுமைதான். ஆனாலும் தாங்கள் நம்பியதற்காகச் சண்டை போட்டார்கள். நமக்கு அந்த வம்பே கிடையாது. நாம் எந்த உபதேசத்தையும் எந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கத் தயார். அதைத்தான் மூன்று தலைப்புகளில் தியானிக்கப்போகிறோம். நம் பிரசங்கிமாருக்கு மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கினால்தான் அபிஷேகம் இறங்கும். நானும் மரபை மீறவில்லை. கல்யாணம், கல்லறை, கச்சேரி. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, கோர்ட்டுக் கச்சேரி.

முதலாவது, கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரியுங்கள். ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருக்கிற உலகத் திருச்சபை மாமன்றம்கூட அந்தப் பக்கத்தின் கால்தூசு பெறாது. சி.எஸ்.ஐ. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள்: ஆர்.சி. என்றாலும் சம்மதம், பெந்தெகொஸ்தே என்றாலும் சம்மதம், சபை ஒரு தடையே இல்லை. அதே இனமாக இருந்தால் போதும். கிறிஸ்டியன் நாடார், கிறிஸ்டியன் வேளாளர், கிறிஸ்டியன் வன்னியர், கிறிஸ்டியன் உடையார் என்று கட்டம் கட்டமாகப் பரலோகம் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தலித்துகளுக்கும் உட்பிரிவு வாரியாகக் கட்டங்கள் உண்டு, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பாப்பரசருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று ஐரோப்பா தலைமுறை தலைமுறையாக இரத்தம் சிந்திய கேள்வி, நம் ஊரில் தாம்பூலம் மாற்றுவதற்குள் தீர்ந்துபோகிறது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது விக்கிரக ஆராதனை என்று போன மாதம்வரை வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர், சம்பந்தி வீட்டார் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் என்று தெரிந்ததும், “அதெல்லாம் அவங்கவங்க நம்பிக்கை மச்சான்” என்கிறார். குழந்தைக்குத் தெளிக்கிற ஞானஸ்நானம் செல்லாது, ஆற்றில் முழுக வேண்டும் என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசியவர், “தண்ணி தண்ணிதானே, எவ்வளவுங்கிறதா கணக்கு?” என்கிறார். அகஸ்டினும் அக்குவினாஸும் கால்வினும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாலும் இத்தனை சுமுகமாக முடிந்திராது.

நகை போடுவது பாவம் என்கிற சபைகள் உண்டு. பெண் மேடையில் வெறுங்கழுத்தோடு நிற்பாள். பார்க்கப் பரிசுத்தமாக இருக்கும். கழுத்தில் போட்டால்தான் பாவம். லாக்கரில் போட்டு மாப்பிள்ளை கையில் சாவியைக் கொடுத்தால் அது ஆசீர்வாதம்.

எனக்கு ரொம்பவும் பிடித்த விளம்பரம் ஒன்று உண்டு. மறுபடியும் பிறந்த, ஆவியில் நிறைந்த மணமகன் தேவை என்பார்கள். அதற்கு அடுத்த வரியில் சாதி இருக்கும். அதாவது, மறுபடியும் பிறந்திருக்க வேண்டும். சாதி மட்டும் முதல் பிறப்பின்படி. மறுபடியும் பிறப்பது எப்படி என்று இராத்திரியில் வந்து இயேசுவிடம் கேட்ட நிக்கொதேமு, கேட்காமல் விட்ட சந்தேகம் இது ஒன்றுதான்.

சரி, இதே பெண் தன் சொந்தச் சபையில், தன்னோடு ஞாயிறு பள்ளியில் படித்து, தன்னோடு பாடகர் குழுவில் நின்று, தன்னோடு திடப்படுத்தல் பெற்ற ஒரு தலித் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லட்டும். ஒரே வேதம், ஒரே ஜெபப் புத்தகம், ஒரே பாத்திரம், ஒரே போதகர். அப்போது பார்க்க வேண்டும் நம்மவர்களின் இறையியலை! “அந்தக் குடும்பத்துக்கு இரட்சிப்பின் நிச்சயம் இல்லை.” “ஜெபத்தில் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.” “கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கிறது.” அதுவரை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த உபதேசமெல்லாம் தூசு தட்டி இறக்கப்படும். நம் வீடுகளில் உபதேசத்துக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான்: சொல்லக் கூசுகிற காரணத்துக்குப் போர்வையாக இருப்பது.

இரண்டாவது, கல்லறை.

மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்பதில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் உண்டு. ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் மற்றவர்கள். மண்ணாகிப் போன எலும்பு எந்த விதத்தில் பக்கத்து எலும்பைத் தீட்டுப்படுத்தும் என்று எந்த வேதபாட நூலிலும் கிடையாது. ஆனால் சுவர் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசி எக்காளம் தொனிக்கிறபோது தேவதூதர்கள் எந்த வாசல் வழியாக யாரை முதலில் எழுப்புவது என்று அங்கே ஒரு பலகை வைத்துவிட்டால் நல்லது. அவர்கள் ஊருக்குப் புதிது, தவறு செய்துவிடக் கூடும்.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் எறையூர். செபமாலை அன்னையின் பெயரில் பெரிய கோயில். தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் அங்கே எந்த வழியாகக் கோயிலுக்கு வரலாம், எந்த வழியாக வரக் கூடாது என்பது வழக்கத்தால் தீர்மானிக்கப்பட்டிருந்தது. பொறுத்துப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகித் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவர் கத்தோலிக்கர், அடிபட்டவர் கத்தோலிக்கர், செத்தவர் கத்தோலிக்கர். ஒரே திருப்பலி, ஒரே செபமாலை, ஒரே பாப்பரசர். உபதேச வேறுபாடு என்று நுண்ணோக்கி வைத்துத் தேடினாலும் அங்கே ஒரு துளி கிடைக்காது. ஐக்கிய வாரப் பிரசங்கி இந்த ஊருக்கு வந்து என்ன சொல்வார்? எதை மறந்து எவரை நேசிக்கச் சொல்வார்?

மூன்றாவது, கச்சேரி.

சகோதரனோடு வழக்கென்றால் அவிசுவாசிகளிடம் போய் நிற்கிறீர்களே, வெட்கமாயில்லையா என்று பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டார். நமக்கு வெட்கம் கிடையாது. சி.எஸ்.ஐ.யின் தலைமைத் தேர்தல் தகராறு முற்றி, அதன் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றமே நியமிக்கும்படி ஆயிற்று. எருசலேமில் கிறிஸ்துவின் கல்லறைக் கோயிலைப் பல சபைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன; அதன் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. நம் சாவி உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போயிற்று. அப்போஸ்தலப் பாரம்பரியம் என்பது இதுதான் போலும்.

ஆனால் கச்சேரிகளுக்கெல்லாம் தாய்க் கச்சேரி வடக்கன்குளத்தில் நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் பழைய கத்தோலிக்க ஊர். 1872-இல் அங்கே ஒரு கோயில் கட்டத் தொடங்கினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் பிரிந்து போயின. ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறு பக்கத்தார் தெரிய மாட்டார்கள். ஐரோப்பாவில் கோத்திக் கண்டார்கள், பரோக் கண்டார்கள்; கிறிஸ்தவக் கட்டடக் கலைக்குத் தமிழன் கொடுத்த கொடை இது. ஆ. சிவசுப்பிரமணியன் இந்தக் கதையை ஆராய்ந்து ‘கிறித்தவமும் சாதியும்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நம் வேதாகமக் கல்லூரிகளில் அதைப் பாடமாக வைத்தால் பாதிப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிடலாம்.

1910-இல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் சுவரைத் திருப்பிக் கொடு என்று கடவுளிடம் கேட்க முடியாதல்லவா, அதனால் வெள்ளைக்கார நீதிமன்றத்தில் கேட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் திருவிதாங்கூர் அரசு அலுவலர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் கோபம் மூண்டதற்கு ஒரு காரணம். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்னதாக அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. செத்து ஏறக்குறைய 270 வருஷம் ஆன மனிதரைச் சாதியிலிருந்து விடுவிக்க ரோமாபுரி வரை போக வேண்டியிருந்தது. உயிரோடிருக்கிறவர்களுக்கு எந்த ஊர்வரை போக வேண்டுமோ தெரியவில்லை.

இந்த ஐக்கியம் நேற்று முளைத்ததல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு தெ நொபிலி, காவி உடுத்தித் தனி வீட்டில் பிராமணச் சமையல்காரரோடு வாழ்ந்தார். அதே ஊரில் ஏற்கெனவே பணியாற்றிய இன்னொரு சேசு சபைக் குருவிடமிருந்து விலகியே இருந்தார், காரணம் அந்தக் குரு பழகிய ஆட்களின் சாதி. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியவர்களின் பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். பிற்பாடு மேல்சாதிக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களிலேயே இரண்டு வகை உண்டாயிற்று. ஒரே சபைத் துறவிகள், தனித்தனி அடுப்பு.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதைக் கண்டித்துப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். எழுதிய கையோடு என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதி விசுவாசிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னால் சாதி விஷயத்தில் தாராளமாக இருந்த ஜெர்மானிய லைப்சிக் மிஷன் வந்ததும் பலர் அங்கே போய் லுத்தரன்கள் ஆனார்கள். 1850-இல் சென்னை மிஷனெரிகள் ஒன்றுகூடிச் சாதியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபோது, சேராமல் நின்றவர்கள் அந்த லைப்சிக் லுத்தரன் மிஷனெரிகள்.

கவனியுங்கள். பிஷப் ஆட்சி வேண்டாம் என்றோ, அப்பத்தில் கிறிஸ்து எவ்விதமாக இருக்கிறார் என்றோ யோசித்து ஒருவரும் சபை மாறவில்லை. பாயை யாருக்குப் பக்கத்தில் விரிப்பது என்ற ஒரே கேள்விக்காக மாறினார்கள். சாதியை வைத்துக்கொள்ள உபதேசத்தைக் கழற்றிப் போட்டார்கள். சபைப் பிரிவினை என்று நாம் இன்று கண்ணீர் விடுகிறோமே, அதில் எத்தனை பங்கு வேதத்திலிருந்து வந்தது, எத்தனை பங்கு ஊர்த் தெருவிலிருந்து வந்தது என்று யாராவது கணக்குப் போடட்டும்.

உபதேச ஐக்கியத்தை நிஜமாகவே தேடியவர்களும் நம் மண்ணில் இருந்தார்கள். அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா 1919-இல் தரங்கம்பாடியில் மற்ற ஊழியர்களோடு கூடி, மேல்நாட்டார் சண்டையின் பாக்கியை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 28 வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழிவந்த சபைகள் கலந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பிஷப்பை ஏற்காதவர்களும் பிஷப் இல்லாமல் சபையே இல்லை என்றவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். உலகம் வாயைப் பிளந்தது. அசரியா அதைப் பார்க்காமலே 1945-இல் கண்மூடினார். ஒருவகையில் பாக்கியவான். மறுநாள் முதல் அந்தக் கூரையின் கீழ் எந்த டயோசிஸில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணத் தொடங்கியதைப் பார்க்கவில்லை.

டெல்லிக்குப் போனால் நம் ஐக்கியம் இன்னும் பிரமாதம். 1950-ஆம் வருஷ ஜனாதிபதி ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. அது அநியாயம், உரிமை கிடைத்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் லுத்தரனும் சேர்ந்தே அனுசரிக்கிறார்கள். 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. சபைகள் அங்கே என்ன சொல்கின்றன? கனம் நீதிபதிகளே, எங்களுக்குள் சாதி இருக்கிறது, தீண்டாமை இருக்கிறது என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில்? கிறிஸ்துவுக்குள் சாதியே கிடையாது என்கின்றன. வாக்குமூலம் டெல்லியில், பிரசங்கம் ஊரில். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேடையில் சொல்ல ஒரு பிஷப்புக்குத் துணிச்சல் வரட்டும், அன்றைக்கு நானும் போய் அவருக்கு ஒரு சால்வை போர்த்துகிறேன்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது: 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். அந்த 1.2 கோடியிலிருந்து முதல் கர்தினால் வர 2022 ஆயிற்று. மூன்றில் இரண்டு பங்காக இருப்பவர்களைச் சிறுபான்மையாக நடத்தத் தெரிந்த ஒரே சிறுபான்மை நாம்தான்.

உபதேசத்தில் மாறுபட்டாலும் ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று இனி எனக்கு ஒருவரும் பிரசங்கிக்க வேண்டாம். அது சுலபம், நாங்கள் கரைத்துக் குடித்துவிட்டோம். உபதேசம் எங்களுக்கு எப்போதுமே சல்லிக்காசு பெறாத சரக்கு, அதை விட்டுக்கொடுத்து ஒற்றுமை வாங்க ஒரு செலவும் இல்லை. செலவாகிற இடம் வேறு. உபதேசத்தில் உங்களோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிற உங்கள் சொந்தச் சபைக்காரனை நேசியுங்கள். அவன் பெண்ணை உங்கள் வீட்டுக்கு மருமகளாக அழையுங்கள். அவன் அப்பன் பிணத்தை உங்கள் தெரு வழியாகத் தூக்குங்கள். அதற்குப் பிறகு லுத்தரனோடும் லத்தீன்காரனோடும் கைகுலுக்கலாம்.

முடியாது என்றால், குறைந்தபட்சம் நேர்மையாக இருங்கள். நிசேயாவில் 325-இல் கூடிய மகா சங்கத்துக்கு 2025-இல் 1700 வருஷம் நிறைந்தது. எல்லாச் சபையும் விழா எடுத்தது. அவசரமாக இன்னொரு சங்கத்தைக் கூட்டுங்கள். எல்லாரும் ஒருமனமாக ஏற்கிற ஒரே கொள்கை கைவசம் இருக்கும்போது அதை விசுவாசப் பிரமாணத்தில் சேர்க்காமல் வைத்திருப்பது தப்பு. பரிசுத்த கத்தோலிக்கத் திருச்சபையையும், பரிசுத்தவான்களின் ஐக்கியத்தையும், அவரவர் சாதியையும் விசுவாசிக்கிறோம் என்று எழுதிவிடுங்கள். ஒரு சபையும் மாற்று ஓட்டுப் போடாது. ஆயிரம் வருஷமாக முடியாத ஐக்கியம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

அல்லது கடப்பாரையை எடுங்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தள்ள இறையியலில் பட்டம் வேண்டாம், ரோமாபுரியின் ஒப்புதலும் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பாதிரியார் 1910-இல் கோயில் சுவரையே இடித்துக் காட்டினார். இடித்தது செல்லும் என்று சட்டமும் அப்போதே சொல்லிவிட்டது. அப்புறமும் நூறு வருஷத்துக்கு மேலாக நம் ஆயர்மார், பேராயர்மார் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உபதேசமும் இல்லை, சட்டமும் இல்லை. இடித்தால் காணிக்கை குறையும், அடுத்த தேர்தலில் ஓட்டும் குறையும். அந்தக் கணக்கில் மட்டும் எந்தச் சபைக்கும் எந்தச் சபையோடும் வேறுபாடு கிடையாது.